ஜவ்வு சேர்ந்த பிறகும் போகாத பயம்

முழங்காலில் ஏசிஎல் எனும் ஜவ்வு கிழிந்து அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களில் எத்தனை பேர் மறுபடி மைதானத்துக்குப் போகிறார்கள்? கிளேர் ஆர்டர்ன் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 69 ஆய்வுகளைத் தொகுத்து, ஏழாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களின் நிலையை 2014இல் கணக்கெடுத்தார்கள். ஏதோ ஒரு விளையாட்டுக்காவது திரும்பியவர்கள் 100க்கு 81 பேர். அடிபடுவதற்கு முன் ஆடிய அதே தரத்துக்கு வந்தவர்கள் 65. போட்டிகளில் மறுபடி ஆடியவர்கள் 55. இதே குழு 2011இல் வெளியிட்ட முந்தைய தொகுப்பு இன்னும் யோசிக்க வைக்கிறது. சோதித்துப் பார்த்தபோது ஏறத்தாழ 90 சதவீதம் பேருக்கு முழங்கால் இயல்பாகவோ இயல்புக்குப் பக்கத்திலோ இருந்தது; போட்டிக்குத் திரும்பியவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. கால் சரியாகிவிட்டது, ஆளைக் காணோம். வேலை, குடும்பம், வயது என்று ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆனால் அவர்களைக் கேட்டால் திரும்பத் திரும்ப வருகிற பதில், மறுபடி அடிபட்டுவிடுமோ என்ற பயம்தான்.

இந்தப் பயத்தைப் பற்றி பெங்களூர்த் தமிழர்கள் பேசியாக வேண்டும். அல்சூர்ப் பக்கம் கௌதமபுரம் என்றால் கால்பந்து. புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளோடு பீலேவுக்கும் சிலை வைத்த பேட்டை அது. உலகக் கோப்பை வந்தால் 'மினி பிரேசில்' என்று சொல்லிக்கொண்டு கேமராக்காரர்கள் வந்துவிடுவார்கள். அங்கேயும் ஆஸ்டின் டவுன், மர்ஃபி டவுன் பக்கமும் பல தமிழ்ப் பையன்களுக்குக் கால்பந்து பொழுதுபோக்கு இல்லை. மாநிலக் கால்பந்துச் சங்கம் நடத்தும் லீகின் கீழ் டிவிஷனில் தொடங்கி, சூப்பர் டிவிஷன்வரை ஏறி, யார் கண்ணிலாவது பட்டு, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை வாங்கிவிடலாம் என்பது வீட்டின் கணக்கு. எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற பொதுத்துறை ஆலைகளின் அணிகளுக்கு ஆடி அங்கேயே வேலையில் உட்கார்ந்து பென்ஷன் வாங்குகிற பெரியவர்கள் கண்முன் இருப்பதால், அது வெறும் கனவும் இல்லை. இன்னொரு பக்கம் பெல்லந்தூர், வைட்ஃபீல்டு. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு டர்ஃப் புக் பண்ணி, உடம்பைச் சூடேற்றாமலே இறங்குகிற ஐ.டி. ஆட்கள். மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்து ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்கள் இவர்களில் நிறைய.

இருவருக்கும் கிழிவது ஒரே ஜவ்வு. கிழிகிற விதமும் பெரும்பாலும் ஒன்றுதான். பத்தில் ஏழு ஏசிஎல் காயங்களில் எதிராளி மோதியே இருக்கமாட்டான். ஓடிக்கொண்டே சட்டென்று திரும்புவது, குதித்து ஒற்றைக் காலில் இறங்குவது, அப்போது முட்டி உள்பக்கமாக மடங்குவது, 'டப்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பின்னால் வரப்போகும் மனப்போராட்டத்துக்கு விதை இங்கேயே விழுந்துவிடுகிறது. யாராவது உதைத்து விழுந்திருந்தால் அவனைத் திட்டலாம். தொடாமலே விழுந்தவனுக்குத் திட்ட ஆள் இல்லை. தன் உடம்பே தன்னை விட்டுவிட்டது என்று நினைக்கிறான். ஆயிரம் தடவை யோசிக்காமல் செய்த அதே திரும்பலை இனிமேல் எப்படி நம்பிச் செய்வது?

மனத்தைப் பற்றிப் பேசும்போது ஆலோசனை, தியானம் என்று நேராகத் தாவிவிடுகிறோம். அடிபட்டவனின் முதல் அவமானம் அதைவிடச் சின்ன இடத்தில் நடக்கிறது. அறுவைசிகிச்சை முடிந்த சில நாளில் பிசியோதெரபி அறையில் கட்டில்மேல் காலை நீட்டி உட்கார வைப்பார்கள். ஒரு துண்டைச் சுருட்டி முட்டிக்குக் கீழே வைத்து, "இதைக் கீழே அமுக்குங்க, தொடையை இறுக்குங்க" என்பார்கள். அவ்வளவுதான் பயிற்சி. முப்பது அடி தூரத்திலிருந்து கோல் போஸ்ட் மூலையில் பந்தை அடித்தவன், கண்ணை மூடி, பல்லைக் கடித்து, மொத்தத் தெம்பையும் திரட்டி அமுக்கப் பார்க்கிறான். தொடை அசையவே அசையாது. அந்தப் பக்கத்துத் தொடை மட்டும் சதை தளர்ந்து, சப்பையாகத் தெரியும். பிசியோ தன் விரலைத் தொடைமேல் வைத்து, "இங்க, இங்க இறுக்குங்க" என்று தட்டிக் காட்டினாலும் ஒன்றும் நடக்காது. இடுப்பை எக்கி, மூச்சைப் பிடித்து, நல்ல காலை இறுக்கி ஏமாற்றுவதுதான் நடக்கும். பக்கத்துக் கட்டிலில் எழுபது வயதுப் பாட்டி, முட்டி மாற்று அறுவைசிகிச்சை முடிந்து அதே பயிற்சியைச் செய்துகொண்டிருப்பார். சில பையன்கள் அன்றைக்குத்தான் முதல் தடவை அழுகிறார்கள். மைதானத்தில் விழுந்தபோது அழுதிருக்கமாட்டார்கள்.

நடப்பது என்னவென்றால், முட்டிக்குள் நீர் கோத்து வீங்கியிருக்கும்போது அங்கிருந்து போகிற நரம்புச் செய்தி, தண்டுவட மட்டத்திலேயே முன்தொடைத் தசைக்குப் போகும் உத்தரவைக் குறைத்துவிடுகிறது. மின்கசிவு வந்தால் வீட்டில் ட்ரிப்பர் விழுந்து மொத்த லைனையும் அணைப்பதைப் போல, சேதமான மூட்டைக் காப்பாற்ற உடம்பு அந்தத் தசையை அணைத்து வைக்கிறது. இதில் மன உறுதிக்கு வேலையே இல்லை. வீக்கம் வடிய, ஐஸ் வைக்க, சில இடங்களில் மின் தூண்டல் கொடுக்க, உத்தரவு மெல்லத் திரும்பி வரும். இந்த ஒரு விளக்கத்தை முதல் நாளே தமிழில், நிதானமாகச் சொல்லிவிட்டால் பாதி பாரம் இறங்கும். பல இடங்களில் சொல்வதில்லை. "இன்னும் ட்ரை பண்ணுங்க, வில் பவர் வேணும்" என்று விடுகிறார்கள். வில் பவர் இல்லாதவன் என்ற பட்டத்தோடு பையன் ஆட்டோவில் வீடு திரும்புகிறான்.

வீட்டில் வேறொரு பாடு. பழைய பேட்டைகளில் கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை, நடுவில் ஏணி மாதிரி செங்குத்தான படி என்றிருக்கும் வீடுகள் நிறைய. கழிப்பறை குந்தி உட்காரும் வகை. சில இடங்களில் பொதுவானது. முட்டியை மடக்கக் கூடாது என்று கட்டுப்போட்டு அனுப்பியவனுக்கு இதைவிடப் பெரிய சோதனை வேண்டாம். பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை போட்டதும், அம்மா வெளியே காத்து நிற்பதும், குளிக்கத் தம்பி தண்ணீர் ஊற்றுவதும் இருபத்திரண்டு வயதுப் பையனை எந்தத் தோல்வியையும்விட அதிகமாகக் குறுக வைக்கும். 2022 டிசம்பர் 30இல் கார் விபத்தில் முழங்கால் ஜவ்வுகள் கிழிந்த ரிஷப் பந்த், மாதக்கணக்கில் இதே பெங்களூரில் தேசிய கிரிக்கெட் அகாடமியில் பயிற்சி எடுத்துத்தான் 2024 மார்ச்சில் ஐபிஎல்லுக்குத் திரும்பினார். இரண்டு மாதம் பல்கூட விளக்க முடியவில்லை என்றும், சக்கர நாற்காலியில் மனிதர்களை எதிர்கொள்ளக் கூச்சப்பட்டு விமான நிலையத்துக்கே போகவில்லை என்றும் பிறகு ஒரு பேட்டியில் சொன்னார். சிறந்த மருத்துவமும் பணமும் கிடைத்த ஒருவருக்கே அந்தக் கூச்சம் என்றால், சந்துக்குள் வாக்கர் வைத்து நடக்கிற பையன் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பதில் ஆச்சரியமில்லை. கழிப்பறைக்கு ஒரு கமோடு நாற்காலியை வாடகைக்காவது எடுத்துக் கொடுப்பது மனநலச் சிகிச்சையில் சேரும். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து படிகளைக் காயத்துக்கும் பொருத்திப் பேசுவது இணையத்தில் பரவலாக இருக்கிறது. அது எலிசபெத் கூப்ளர்-ராஸ், சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளைப் பார்த்து 1969இல் எழுதியது. விளையாட்டுக் காயங்களில் அப்படி வரிசையாக எதுவும் நடப்பதாகச் சான்று இல்லை. காலையில் தெம்பு, மாலையில் வெறுப்பு என்று ஒரே நாளில் எல்லாம் வந்துபோகும். 'நான் எந்தப் படியில் இருக்கிறேன்' என்று தேடுவது வீண் வேலை. ஓரளவு பொதுவாகத் தெரிவது என்னவென்றால், மனம் மிகக் கீழே போகும் இடங்கள் இரண்டு: காயம்பட்ட முதல் வாரங்கள், ஆட்டத்துக்குத் திரும்பப் போகிற கடைசி வாரங்கள். முதலாவதை எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். இரண்டாவதில்தான் சுற்றியிருப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். "அதான் டாக்டர் ஓகே சொல்லிட்டாரே, இப்ப ஏன்டா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?" என்று கேட்பது அப்போதுதான்.

அப்போது என்ன நடக்கிறது? பயிற்சியின் நடு மாதங்களில் வேலை தெளிவாக இருக்கும்: இத்தனை டிகிரி மடக்கு, இத்தனை கிலோ தூக்கு. மைதானம் பக்கத்தில் வந்ததும் கேள்வி மாறுகிறது. பழைய ஆள் நான்தானா? என் இடத்தில் இப்போது ஆடுகிறவனைவிட நான் மேலா? மறுபடி கிழிந்தால் வீடு தாங்குமா? வேலைக்கான தேர்வு வயது தாண்டிவிடுமா? தன்னை 'ஆட்டக்காரன்' என்று மட்டுமே அடையாளம் காண்கிறவனைத்தான் இது மோசமாக அடிக்கிறது. 1993இல் பிரிட்டன் புரூவர் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் இதை அளக்க ஒரு கேள்வித்தாளே செய்தார்கள். ஐ.டி. ஆளுக்கு முட்டி போனால் வார இறுதி போகிறது. திங்கட்கிழமை லேப்டாப் அவனை அதே ஆளாகத்தான் ஏற்றுக்கொள்ளும். லீக் ஆடும் பையனைத் தெருவே 'பத்தாம் நம்பர்' என்று கூப்பிட்டது. அந்தக் கூப்பிடுகை நின்றுபோனால், அவன் யார் என்பதே அவனுக்குத் தெரியாமல் போகிறது. இருவருக்கும் ஒரே ஆலோசனையைக் கொடுப்பதில் பொருளில்லை.

பெண் ஆட்டக்காரர்களின் கதை இன்னும் கொஞ்சம் சிக்கல். இதே ஜவ்வு கிழியும் ஆபத்து, அதே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்பது மருத்துவத்தில் நெடுநாளாகத் தெரிந்தது. ஆனால் கபடியோ கால்பந்தோ ஆடும் பெண்ணுக்கு அடிபட்டால் வீட்டில் எழுகிற பேச்சு திரும்பிப் போவதைப் பற்றி இருக்காது. "போதும்மா, காலில தழும்பு வேற, நாளைக்குக் கல்யாணத்துக்குக் கேட்டா என்ன சொல்றது?" என்பதுதான். அவள் பயத்தோடு மட்டும் போராடவில்லை. பயம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் அதையே சாக்காக வைத்து நிறுத்திவிடுவார்களோ என்று அந்தப் பயத்தையும் ஒளிக்கிறாள். பிசியோவிடம் மட்டும் சொல்லி அழுகிற பெண்கள் உண்டு.

இனி பயத்தை என்ன செய்வது என்பதற்கு வருவோம். அசைந்தால் காயம் வந்துவிடும் என்று அசைவையே பயப்படும் நிலைக்கு மருத்துவத்தில் தனிப் பெயரும் அளவுகோலும் உண்டு. முழங்காலுக்கென்று 2008இல் ஆஸ்திரேலியாவில் கேட் வெப்ஸ்டரும் குழுவினரும் 12 கேள்விகள் கொண்ட ஒரு தாளைத் தயாரித்தார்கள். முட்டியைப் பற்றி நினைக்காமல் ஆட முடியுமா, ஆடும்போது பதற்றமாக இருக்குமா, அறுவைசிகிச்சையை மறுபடி கடக்க வேண்டும் என்ற நினைப்பு உங்களைத் தடுக்கிறதா என்ற வகைக் கேள்விகள். பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் ஒரு மதிப்பெண் வரும்; கூட வந்தால் மனம் அவ்வளவு தயார் என்று பொருள். தொடை பலத்தை நல்ல காலோடு ஒப்பிட்டு 90 சதவீதமாவது வந்ததா என்று பார்க்கிற, ஒற்றைக் காலில் தாவச் சொல்லி டேப் வைத்து அளக்கிற பிசியோ, இந்தத் தாளையும் எடுத்து நீட்டினால் பத்து நிமிடம்தான் ஆகும். நல்ல விளையாட்டு மருத்துவ மையங்களில் கேட்கிறார்கள். கேட்காத இடத்தில் நீங்களே கேட்டு வாங்கலாம். எண்ணாக வந்துவிட்டால் பயத்தைப் பற்றிப் பேசுவது எளிது. 'பயமா இருக்கு' என்று சொல்லக் கூச்சப்படுகிறவன், 'எனக்கு 48தான் வந்திருக்கு' என்று கூச்சமில்லாமல் சொல்வான்.

அடுத்தது, பயத்தைக் கூறுகூறாக உடைப்பது. 'கால்பந்து ஆட பயம்' என்பதை எதுவும் செய்ய முடியாது. அதைக் கேட்டுக் கேட்டுப் பிரித்தால் உள்ளே வரிசையாகப் பல பயங்கள் இருக்கும். நேராக ஓடப் பயமில்லை. பந்தோடு ஓடினால் கொஞ்சம். இடது பக்கம் வெட்டித் திரும்ப அதிகம். ஈரப் புல்லில் இன்னும் அதிகம். பின்னால் ஒருவன் மூச்சுவிட்டுக்கொண்டு வரும்போது திரும்புவதுதான் உச்சம். குறைந்ததிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றையும் பலமுறை செய்து, பயம் சலித்துப்போய் இறங்கிய பிறகே மேலே ஏற வேண்டும். உதாரணத்துக்கு, காலை ஏழு மணிக்கு ஆளில்லாத மைதானத்தில் கூம்பு வைத்துத் திரும்புவது ஒரு வாரம். அடுத்த வாரம் நண்பன் ஒருவன் அசையாமல் நிற்க, அவனைச் சுற்றித் திரும்புவது. பிறகு அவன் நடந்து வருவான். பிறகு ஓடி வருவான். எந்தப் பக்கம் வருவான் என்று முன்கூட்டிச் சொல்லாமல் வருவது கடைசியில்தான். வேடிக்கை பார்க்கும் கூட்டத்துக்கு இது குழந்தை விளையாட்டாகத் தெரியும். அதனால் கூட்டமில்லாத நேரத்தில் செய்வதே நல்லது.

வலிக்கும் சேதத்துக்கும் உள்ள வித்தியாசத்தையும் கற்றாக வேண்டும். மாதக்கணக்கில் வலியைக் கண்டால் நிறுத்து என்று பழகிய மூளைக்கு, ஆறாம் மாதத்தில் ஸ்குவாட் செய்யும்போது வருகிற தசைவலியும் ஆபத்தாகவே தெரியும். பயிற்சியின்போது லேசாக வலித்து, மறுநாள் காலைக்குள் அடங்கி, வீக்கமும் இல்லையென்றால் பெரும்பாலும் அது மூட்டு பழகுகிற வலி. முட்டி வீங்கினால், நடக்கும்போது நழுவுவது போலத் தோன்றினால், மடக்க நீட்ட முடியாமல் பிடித்துக்கொண்டால் பிசியோவிடம் போக வேண்டும். இவ்வளவு தெளிவாக ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் ராத்திரி ஒரு மணிக்கு முட்டியைத் தடவிக்கொண்டு யூடியூபில் தேடுகிற வேலை குறையும்.

பயத்தை முழுக்கத் துரத்திவிட வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. அது சில நேரம் சரியாகத்தான் சொல்கிறது. 25 வயதுக்குக் கீழே, அறுவைசிகிச்சைக்குப் பிறகு விளையாட்டுக்குத் திரும்பியவர்களில் ஏறத்தாழ 23 சதவீதம் பேருக்கு அதே காலிலோ மறுகாலிலோ மறுபடி கிழிந்திருக்கிறது என்று 2016இல் வந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. அதே ஆண்டு நார்வேயைச் சேர்ந்த ஹெகே கிரிண்டமும் குழுவினரும் கண்டது, திரும்புவதை ஒன்பதாம் மாதம்வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயத்தின் வீதம் 51 சதவீதம் குறைகிறது என்பது. ஆகவே ஐந்தாம் மாதத்தில், "மச்சா, ஃபைனல்டா, ஒரு மேட்ச்தானே, டேப் போட்டுக்கோ" என்று கூப்பிடுகிற நண்பனுக்கு 'பயமா இருக்கு' என்று சொல்லிவிடுகிறவன் கோழை இல்லை. அந்த அணியில் கணக்குத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். கோப்பைப் பணத்தை நம்பி ஓடுகிற பேட்டை டோர்னமென்ட்களில் இந்த நெருக்கடி நிஜம். பிரேசில் ஜெர்சி போடும் பேட்டைகளில் ரொனால்டோவைத் தெரியாதவர்கள் இல்லை. 1999 நவம்பரில் முழங்கால் தசைநாண் கிழிந்து, 2000 ஏப்ரலில் லாசியோவுக்கு எதிராகத் திரும்பி வந்தவர், களமிறங்கி ஆறேழு நிமிடத்தில் யாரும் தொடாமலே மறுபடி விழுந்தார். இரண்டாம் முறை அவசரப்படவில்லை. 2002 உலகக் கோப்பையில் எட்டு கோல்.

ஆனால் இப்படிப்பட்ட வெற்றிக் கதைகளை அடிபட்டவனுக்கு அனுப்பிக்கொண்டே இருப்பதையும் கொஞ்சம் நிறுத்தலாம். வாட்ஸாப்பில் வருகிற 'கம்பேக்' வீடியோக்கள் எல்லாம் திரும்பி வந்தவர்களுடையவை. நடுவில் இருந்த மாதங்களை அவை வேகமான இசையோடு முப்பது நொடியில் ஓட்டிவிடுகின்றன. கட்டிலில் துண்டை அமுக்க முடியாமல் கிடப்பவனுக்கு அது தெம்பைத் தருமா, 'எனக்கு மட்டும் ஏன் முடியவில்லை' என்ற எண்ணத்தைத் தருமா? சொல்லத்தான் வேண்டுமென்றால் நடுவில் நடந்ததைச் சொல்லலாம். சிலையாக நிற்கிற பீலேயே 1962 உலகக் கோப்பையில் இரண்டாவது ஆட்டத்தில் தசை கிழிந்து வெளியே உட்கார்ந்தார். பிரேசில் அவரில்லாமல் கோப்பையை வென்றது. 1966இல் பல்கேரியாவும் போர்ச்சுகலும் உதைத்து உதைத்தே அவரை முடக்கின. இனி உலகக் கோப்பையில் ஆடவே மாட்டேன் என்று சொன்னார். 1970 உலகக் கோப்பைக்கு அவர் வந்தது அதற்குப் பிறகுதான். 'ஆடமாட்டேன்' என்று சொல்லவும் பிறகு மனம் மாறவும் பீலேவுக்கே உரிமை இருந்திருக்கிறது என்பதைச் சொன்னால், பையன் தன் சோர்வை அவ்வளவு கேவலமாக நினைக்கமாட்டான்.

சுற்றியிருப்பவர்கள் செய்கிற தவறுகளில் பெரியது, நம்பாமல் இருப்பது. ரவிச்சந்திரன் அஸ்வின் 2021 இறுதியில் ஒரு பேட்டியில், 2018க்கும் 2020க்கும் இடையில் காயங்களோடு போராடியபோது ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று பலமுறை யோசித்ததாகச் சொன்னார். ஆறு பந்து போட்டால் மூச்சு வாங்கும், உடம்பெல்லாம் வலிக்கும் என்றார். அதைவிட அவரை வருத்தியது, தன் காயத்தைச் சுற்றியிருந்தவர்கள் போதிய அளவு புரிந்துகொள்ளவில்லை என்ற எண்ணம். இந்தியாவுக்காக நூற்றுக்கணக்கில் விக்கெட் எடுத்தவருக்கே அந்த நிலை. ஜவ்வுக் காயத்துக்குச் சில வாரம் போனால் வெளியே கட்டும் இருக்காது, ரத்தமும் இருக்காது. மூன்றாம் மாதத்தில் பையன் சாதாரணமாக நடப்பான். 'நல்லாத்தானே நடக்குற' என்பது நம் வீடுகளில் பாராட்டாக ஆரம்பித்துக் குற்றச்சாட்டாக முடியும்.

அம்மாக்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்வார்கள். கண்ணு பட்டுடுச்சு என்று மிளகாய் சுற்றிப் போடுவார்கள், வியாழக்கிழமை விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலுக்கு மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு போவார்கள். அதில் எந்தக் கெடுதலும் இல்லை. தன் பிள்ளைக்காகக் காலையில் எழுந்து வரிசையில் நிற்கிற ஒருத்தியைப் பார்ப்பது எந்த உபதேசத்தையும்விட அவனுக்கு ஆறுதல். முட்டி வீங்கியதும் புத்தூர்க் கட்டுக்குக் கூட்டிப்போய் எண்ணெய் போட்டு இறுக்கிக் கட்டுவதுதான் சிக்கல். கிழிந்த ஜவ்வுக்கு அதில் வழி இல்லை. கட்டுக்குள் கழியும் வாரங்களில் தொடைச் சதை இன்னும் கரையும். ஜெயநகரில் சஞ்சய் காந்தி விபத்து மற்றும் எலும்பு மருத்துவ நிறுவனம் போன்ற அரசு சார்ந்த இடங்களுக்கு முதலிலேயே போயிருக்கலாம் என்ற வருத்தம் பிற்பாடு மனப்பாரத்தோடு சேர்ந்துகொள்ளும். பணமும் அப்படித்தான். காப்பீடு இருப்பவர்களுக்கு அறுவைசிகிச்சைச் செலவு வந்துவிடும். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவைப் பல பாலிசிகள் 60 அல்லது 90 நாளோடு நிறுத்திக்கொள்ளும். பிசியோவோ ஒன்பது மாதம். நாலாம் மாதத்தில் பயிற்சியை விட்டவனைச் சோம்பேறி என்று சொல்லும்முன், ஒரு தடவைக்கு எவ்வளவு கட்டுகிறான் என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

அணியால் முடிந்த உதவி ஒன்று உண்டு, காசு செலவில்லாதது. ஆட முடியாதவனுக்கு வேலை கொடுப்பது. சின்னப் பசங்களுக்குப் பயிற்சி எடுக்கச் சொல்லலாம், எதிரணி ஆட்டத்தைப் பார்த்து எழுதி வரச் சொல்லலாம், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு லைன்ஸ்மேனாக நிற்க வைக்கலாம். பெஞ்சில் சும்மா உட்கார வைத்து, "நீ வந்தாலே போதும் மச்சா" என்பது அன்புதான். ஆனால் பத்தாவது வாரத்தில் அவன் வராமல் நின்றுவிடுவான்.

எப்போது இது பிசியோவும் நண்பர்களும் சமாளிக்கிற எல்லையைத் தாண்டுகிறது? தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால், பயிற்சிக்கே போகாமல் குடி கூடியிருந்தால், வலி மாத்திரை வலி இல்லாதபோதும் உள்ளே போனால், 'நான் இருந்து என்ன பிரயோசனம்' என்ற பேச்சு ஒரு தடவை வந்தாலும் காத்திருக்கக் கூடாது. 2022 அக்டோபர் 10 முதல் நடக்கும் டெலி மானஸ் எனும் அரசு மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். அதன் தலைமை மையமே நம் ஓசூர் ரோட்டு நிம்ஹான்ஸ்தான். பெங்களூரில் இருபது வருடம் இருந்தவன் கன்னடத்தில் சண்டை போடுவான், இங்கிலீஷில் இன்டர்வியூ கொடுப்பான். ராத்திரி ரெண்டு மணிக்கு வருகிற நினைப்பைச் சொல்ல அவனுக்கு வீட்டுப் பேச்சு வேண்டும். நிம்ஹான்ஸ் என்றாலே 'மெண்டல் ஆஸ்பத்திரி' என்று தயங்குகிற வீடுகளுக்கு, பி.டி.எம். லேஅவுட்டில் அவர்களுடைய நலவாழ்வு மையம் தனியாக இருப்பதைச் சொல்லலாம். அங்கே போவது அந்தத் தயக்கத்தைக் கொஞ்சம் குறைக்கும்.

கடைசியாக, எந்த விளையாட்டுக்கும் திரும்பாமல் போகிற அந்த 19 பேர். அவர்களைத் தோற்றவர்கள் என்று எண்ணுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பயத்தால் மூலையில் முடங்கி நின்றுபோவது வேறு. கணக்குப் பார்த்து, 'இந்த முட்டியை வைத்து இன்னொரு அறுவைசிகிச்சைக்கு நான் தயாரில்லை' என்று முடிவெடுப்பது வேறு. இரண்டாவது வகை ஆள் பிற்பாடு நன்றாகத் தூங்குகிறான். பயிற்சியாளர் லைசென்ஸுக்குப் படிக்கிறவர்களும் நடுவராகப் போகிறவர்களும் இந்தக் கூட்டத்திலிருந்துதான் வருகிறார்கள். ஆனால் அந்த முடிவை நான்காம் மாதத்துச் சோர்வில் எடுக்க வேண்டாம். பயிற்சியை முடித்து, பலமும் திரும்பி, 12 கேள்விக்கும் பதில் எழுதிப் பார்த்த பிறகு எடுக்கலாம். ஆட்டத்தை விடுகிறவர்கள் பெரும்பாலும் தொடைப் பயிற்சியையும் அன்றைக்கே விட்டுவிடுகிறார்கள். ஜவ்வு கிழிந்த முட்டிக்குப் பத்துப் பதினைந்து வருடத்தில் தேய்மானம் வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். மாடிப்படி ஏறவும், பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு பேருந்தைப் பிடிக்கவும் அந்தத் தொடைதான் வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள், அரை மணி நேரம், லீக் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.